கட்ச் பன்னிப் புல்வெளி: மரம் நட்டுக் கெட்ட கதை

ஒரு மரத்துக்கு ஊருக்கு ஊர் என்ன பெயர் என்று பார்த்தாலே பாதி வரலாறு தெரிந்துவிடும். நம்மூரில் அது சீமைக்கருவேலம். சீமையிலிருந்து வந்தது என்று பெயரிலேயே இருக்கிறது. வேலிக்காத்தான் என்றும் சொல்வோம். டெல்லியில் இருப்பவர்கள் விலாயதி கீகர் என்று கேட்டிருப்பீர்கள். அதுவும் 'சீமை'தான். தெலுங்கில் சர்க்கார் தும்மா. அரசாங்கம் கொண்டுவந்த மரம் என்பதை ஆந்திராக்காரர்கள் மறக்கவில்லை. கன்னடத்தில் பள்ளாரி ஜாலி. மராத்தியில் வேடி பாபுள், குஜராத்தியில் காண்டோ பாவள். கடைசி இரண்டுக்கும் ஒரே அர்த்தம்தான்: பைத்தியக்காரக் கருவேலம்.

குஜராத்தில் குடியிருக்கிறவன் என்பதால் இந்தப் பைத்தியக்கார மரத்தின் கதையைக் கொஞ்சம் தோண்டிப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தது. இது மரம் வெட்டுவதைப் பாராட்டி எழுதும் பதிவு. சின்ன வயதிலிருந்து 'மரம் வளர்ப்போம், மழை பெறுவோம்' என்று சுவரில் படித்து வளர்ந்த நமக்கு இது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும். பொறுமையாகப் படியுங்கள்.

கதை நடக்கும் இடத்தின் பெயர் பன்னி. (சிரிக்காதீர்கள் :-) முதல் எழுத்தை 'பந்து' என்பதில் வருகிற மாதிரி அழுத்திச் சொல்ல வேண்டும்.) கட்ச் மாவட்டத்தில், புஜ் நகரத்துக்கு வடக்கே, பெரிய ரண்ணுக்குத் தெற்கே கிடக்கும் சுமார் 2,500 சதுர கிலோமீட்டர் சமவெளி. ஆசியாவின் பெரிய புல்வெளிகளில் ஒன்று என்று ஒரு காலத்தில் பெயர் வாங்கியது.

வெள்ளை ரண் பார்க்க, ரண் உத்சவத்துக்கு என்று நம்மவர்கள் குளிர்காலத்தில் குடும்பத்தோடு கிளம்பிப் போகிறார்களே, அவர்கள் எல்லோரும் இந்தப் பன்னியைக் கடந்துதான் போகிறார்கள். உத்சவம் நடக்கும் தோர்டோவே பன்னிக்குள் இருக்கிற ஊர்தான். வழியில் பிரண்டியாரா என்ற ஊரில் வண்டியை நிறுத்தி மாவா வாங்கித் தின்கிறோம். பாலைச் சுண்டக் காய்ச்சிச் செய்வது, நம்மூர்த் திரட்டுப்பாலுக்கு ஒன்றுவிட்ட தம்பி. மறுபடி வண்டியில் ஏறினால் சாலைக்கு இரண்டு பக்கமும் பச்சைப் பசேல் என்று முள்மரம். 'பாலைவனம் என்றார்கள், இவ்வளவு பச்சையாக இருக்கிறதே' என்று வண்டிக்குள் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்.

அந்தப் பச்சைதான் நோய். நாம் தின்ற மாவா, அந்தப் பச்சைக்கு முன்னால் அங்கே இருந்த புல்லின் மிச்சம்.

ஆறு கொண்டுவந்த மண்

பன்னி என்ற பெயருக்கு 'உண்டானது, உருவானது' என்று பொருள் சொல்கிறார்கள். கட்ச் மேட்டிலிருந்து வடக்கு நோக்கி ஓடும் ஆறுகளும், ஒரு காலத்தில் சிந்து நதியின் கிளைகளும் கொண்டுவந்து கொட்டிய வண்டலால் மேடிட்ட நிலம் அது. அடியில் உப்பு, மேலே வண்டல். மழை சராசரியாக 300 மில்லிமீட்டர் சொச்சம். அதுவும் ஒரு வருடம் கொட்டும், அடுத்த இரண்டு வருடம் எட்டிப் பார்க்காது. பெய்கிற வருடத்தில் வெள்ளம் பரவி, மேலிருக்கும் உப்பைக் கழுவிக்கொண்டு போகும். தண்ணீர் வடிந்த கையோடு புல் முளைக்கும்.

1819 ஜூன் மாதம் கட்ச்சில் ஒரு பெரிய நிலநடுக்கம். தரை உயர்ந்து கிழக்கு மேற்காக ஒரு நீண்ட மேடு உண்டானது. மனிதன் கட்டாத கரை என்பதால் மக்கள் அதற்கு அல்லா பந்த், அதாவது இறைவனின் அணை, என்று பெயர் வைத்தார்கள். சிந்து நதியின் ஒரு கிளை வந்துகொண்டிருந்த வழியின் குறுக்கே அந்த மேடு எழுந்தது. ஆனாலும் தெற்கிலிருந்து வரும் சிற்றாறுகள் வந்துகொண்டிருந்தன, பன்னியும் பிழைத்துக் கிடந்தது.

மரமே இல்லாத இடம் என்று நினைத்துவிட வேண்டாம். உகாய் மரம் இருந்தது. மிஸ்வாக் என்று பல் துலக்கும் குச்சி வருகிறதே, அந்த மரம்தான். நாட்டுக் கருவேலமும் அங்கங்கே நம்ம வன்னி மரமும் நின்றன. எல்லாம் தள்ளித் தள்ளி. நடுவில் புல். மூன்று டஜனுக்கு மேல் புல் வகைகளைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். உப்பு குறைந்த இடத்தில் ஜிஞ்ச்வோ, தாமண். இந்தத் தாமண் வேறொன்றுமில்லை, கொங்குநாட்டுக் கொரங்காடுகளில் மாடு மேயும் கொழுக்கட்டைப் புல்தான். உப்பு கூடிய இடத்தில் நம் கடற்கரை உமரி போன்ற செடிகள்.

இந்தப் புல்லை நம்பி வாழ்பவர்கள் மால்தாரிகள். 'மால்' என்றால் கால்நடை, 'தாரி' என்றால் வைத்திருப்பவர். ஜத், முத்வா, ஹலேபோத்ரா என்று பல சமூகங்கள், பெரும்பாலும் முஸ்லிம்கள். காங்க்ரேஜ் மாடும் எருமையும் வளர்ப்பவர்கள். பன்னி எருமைக்கு ஒரு பழக்கம் உண்டு. சாயங்காலம் தானாகக் கிளம்பி இரவு முழுக்க மேய்ந்துவிட்டு, விடியற்காலையில் பால் கறக்கத் தானாக வீடு திரும்பும். பகல் வெயிலில் இருந்து தப்பிக்க அந்த நிலம் கற்றுக்கொடுத்த பாடம்.

கட்ச் மகாராவ்கள் காலத்தில் பன்னியில் பயிர் செய்யத் தடை இருந்தது. மேய்ச்சலுக்கு மட்டும் விட்டு, மேய்ச்சல் வரி வாங்கினார்கள். உழுதால் அடியில் இருக்கும் உப்பு மேலே வந்துவிடும் என்பது அந்த நிலத்தில் புழங்கியவர்களுக்குத் தெரிந்த விஷயம். பஞ்சம் வந்தால் மந்தையை ஓட்டிக்கொண்டு வேறு பக்கம் போவார்கள், மழை பெய்ததும் திரும்புவார்கள். 1947க்கு முன்னால் சிந்து மாகாணத்துப் பக்கமும் போக்குவரத்து இருந்தது. எல்லை வந்ததும் அந்தக் கதவு சாத்திக்கொண்டது.

தரிசு என்ற ஒரு சொல்

வெள்ளைக்காரன் காலத்து வருவாய்க் கணக்கில் பயிர் விளைந்தால் அது வயல், மரம் நின்றால் அது காடு. இரண்டும் இல்லாவிட்டால் தரிசு. புல்வெளிக்கு அந்தப் பேரேட்டில் தனிக் கட்டமே கிடையாது. சுதந்திரத்துக்குப் பிறகும் அதே பேரேடுதான். நம்மூரில் மேய்ச்சல் புறம்போக்கு என்ன பாடுபட்டது என்பது உங்களுக்கே தெரியும். 'சும்மா கிடக்கிற இடம்' என்ற ஒரே வார்த்தையில் எதை வேண்டுமானாலும் அங்கே கொண்டுவந்து வைக்கலாம்.

1955ல் பன்னியைப் 'பாதுகாக்கப்பட்ட காடு' என்று அறிவித்தார்கள். புல்வெளி காகிதத்தில் காடானது. ஆனால் நடைமுறையில் நிலம் நெடுங்காலம் வருவாய்த் துறையின் கையிலேயே இருந்தது. இரண்டு துறைக்கும் நடுவில் யாருடைய பிள்ளை என்று தெரியாத நிலை.

அந்தக் காலத்தில் ஒரு பயம் பரவலாக இருந்தது. ரண்ணின் உப்பு தெற்கே நகர்ந்து வருகிறது, தடுக்காவிட்டால் ஊரெல்லாம் உப்பாகிவிடும் என்று. பச்சைச் சுவர் எழுப்பினால் தடுக்கலாம் என்று முடிவு செய்தார்கள். எந்த மரம் உப்பிலும் வறட்சியிலும் நிற்கும்? மெக்ஸிகோ, மத்திய அமெரிக்கா, கரீபியன் பக்கத்து முள்மரம் ஒன்று கையில் தயாராக இருந்தது. 1960-61 வாக்கில் வனத்துறை சுமார் 31,500 ஹெக்டேரில் அதை நட்டது.

அந்த மரம் இந்தியாவுக்குள் வந்த வழியில் நம் மதராஸ் மாகாணத்துக்கும் பங்கு உண்டு. 1876ல் மதராஸ் வனத்துறை அதிகாரி பெடோம், இந்த மரத்தின் விதையைத் தருவிக்க வேண்டும் என்று அரசுக்கு எழுதினார். தென்னிந்தியச் செடிகொடிகளையும் பாம்புகளையும் ஆராய்ந்து எழுதிய அதே பெடோம்தான். 1877ல் கடப்பை ஜில்லா கமலாபுரத்தில் நட்டார்கள். விறகுத் தட்டுப்பாடு தீர வேண்டும் என்பது நோக்கம். பிறகு ராஜஸ்தான் பக்கமும் பரவியது. ஜோத்பூர் சமஸ்தானம் 1940ல் அதற்கு 'ராஜ மரம்' என்று பட்டமே கொடுத்தது. இத்தனைக்கும் அதே ஜோத்பூர் சீமையில்தான் 1730ல் கேஜர்லி கிராமத்தில் வன்னி மரத்தை வெட்ட விடாமல் கட்டிப் பிடித்துக்கொண்டு 363 பிஷ்னோய் மக்கள் உயிரை விட்டார்கள். இந்த இரண்டு மரங்களும் ஒரே பேரினம் என்றுதான் வெகுகாலம் வகைப்படுத்தி வைத்திருந்தார்கள். 2022ல் தாவரவியலார் சீமைக்கருவேலத்தைத் தனிப் பேரினமாகப் பிரித்துவிட்டார்கள்.

யாரும் கெடுதல் நினைத்துச் செய்யவில்லை. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், இன்றைக்கும் நல்ல எண்ணத்தோடு இதே காரியம் வேறு வேறு இடத்தில் நடந்துகொண்டிருக்கிறது.

மரம் செய்த வேலை

காண்டோ பாவளின் காய் இனிப்பாக இருக்கும். கால்நடை விரும்பித் தின்னும். விதை மட்டும் செரிக்காது. வயிற்றுக்குள் போய் வந்ததில் மேல்தோல் இளகி, சாணத்தோடு விழுந்து, அந்த எருவிலேயே முளைக்கும். ஓரமாக நட்ட மரத்தை மால்தாரிகளின் சொந்த மந்தையே பன்னி முழுவதும் விதைத்துவிட்டது. வேலி ஓரத்தில் நட்டதுதான் நடு வீட்டில் வந்து உட்கார்ந்தது.

இதே காலத்தில் தெற்கிலிருந்து வரும் ஆறுகளின் குறுக்கே அணைகள் வந்தன. உப்பைக் கழுவும் வெள்ளம் குறைந்தது. புல் பலவீனமான இடத்தில் மரம் புகுந்தது. மரம் மட்டுமே குற்றவாளி என்று சொன்னால் அது அரை உண்மைதான். பல மதிப்பீடுகளின்படி இன்று பன்னியில் பாதிக்கு மேல் இந்த மரம் ஏதோ ஓர் அளவில் நிற்கிறது.

காங்க்ரேஜ் மாடு இந்தக் காயை அதிகம் தின்றால் செரிக்காமல் நோய்ப்பட்டுச் சாகும் என்கிறார்கள் மால்தாரிகள். எருமை ஓரளவு தாங்கிக்கொள்ளும். மாட்டை விட்டு எருமைக்கு மாறியவர்கள் ஏராளம். அதற்கு இது ஒரு காரணம்.

காட்டு உயிர்களின் கதை இன்னும் கூர்மையானது. புல்வெளிப் பறவைகளும் விலங்குகளும் கண்ணுக்கெட்டும் தூரம் திறந்த வெளியை நம்பிப் பிழைப்பவை. குளிர்காலத்தில் வட ஆசியாவிலிருந்து வரும் பூனைப் பருந்துகள் மரத்தில் அடைவதில்லை, புல் நடுவே தரையில்தான் இரவில் அடைகின்றன. பகலில் புல்லுக்கு மேல் தாழப் பறந்து வெட்டுக்கிளியும் எலியும் பிடிக்கின்றன. வரகுக்கோழி ஆண் பறவை மழைக்காலத்தில் புல்லுக்கு மேலே எம்பி எம்பிக் குதித்துத்தான் பெண்ணைக் கூப்பிடும். முள்புதருக்குள் எங்கே குதிப்பது? முள்வால் பல்லி கெட்டியான திறந்த தரையில் வளை தோண்டி வாழ்கிறது, அதைக் கழுகும் பாலைநரியும் தின்கின்றன. சிங்காரா மானுக்கு ஓநாயைத் தூரத்திலேயே பார்த்து ஓட இடம் வேண்டும். கானமயில் கட்ச்சின் மேற்கே நலியா புல்வெளியில் விரல்விட்டு எண்ணும் நிலைக்கு வந்துவிட்டது. அதற்குப் பல காரணங்கள் இருந்தாலும், திறந்த புல்வெளி சுருங்கியது முக்கியமான ஒன்று.

முள்காட்டில் உயிரே கிடையாது என்று சொல்ல மாட்டேன். நீல்காயும் காட்டுப்பன்றியும் அங்கே நன்றாகவே இருக்கின்றன. ஆனால் அவை வேறு எங்கும் வாழக்கூடியவை. வரகுக்கோழிக்குப் போக வேறு இடம் இல்லை.

கரிமூட்டமும் நாலு வருடமும்

ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்க்காரர்களுக்குக் கரிமூட்டம் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. அதே தொழில் கட்ச்சிலும் உண்டு. காடு என்று அறிவித்த இடம் ஆதலால் பன்னியில் மரம் வெட்டிக் கரி சுடத் தடை இருந்தது. 2004ல் அரசு தடையைத் தளர்த்தியது. ஊர் ஊராகக் கரிமூட்டம் எழுந்தது. லாரி லாரியாகக் கரி போனது. மரத்தைத் தூரோடு எடுத்த இடங்களில் அடுத்த மழைக்குப் புல் முளைத்தது. விதை மண்ணுக்குள்ளேயே காத்துக்கிடந்திருக்கிறது. நாற்பது வருட முள்காட்டுக்குப் பிறகும் அது சாகவில்லை என்பது எனக்கு இந்தக் கதையிலேயே பெரிய ஆச்சரியம்.

ஆனால் எல்லோரும் தூரோடு எடுக்கவில்லை. தரைமட்டத்தில் வெட்டினால் வேலை சுலபம், காசும் சீக்கிரம் வரும். வெட்டிய மரம் நாலு கிளையாகத் துளிர்க்கும், இரண்டு மூன்று வருடத்தில் மறுபடி கரிக்கு ஆகும். கரி வியாபாரிக்கு அது லாபம், புல்லுக்கு நஷ்டம். கூடவே காண்டோ பாவளோடு சேர்ந்து நாட்டு மரங்களும் அடுப்புக்குப் போகின்றன என்ற புகார் எழுந்தது. 2008ல் மறுபடி தடை போட்டார்கள். மரம் மறுபடி வளர்ந்தது.

தூரோடு எடுப்பது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு வேறொரு இடத்தின் அனுபவம் உதவும். ஜோத்பூரில் மெஹ்ரான்கட் கோட்டைக்கு அடியில் 70 ஹெக்டேர் பாறை நிலம் முழுக்க இந்த மரம் மண்டிக் கிடந்தது. கோட்டை அறக்கட்டளை, மரங்களைப் பற்றி நிறைய எழுதிய பிரதீப் கிருஷனிடம் அந்த வேலையை ஒப்படைத்தது. 2006ல் தொடங்கினார்கள். வெட்ட வெட்ட மரம் துளிர்த்தது. தரைக்குக் கீழே ஒன்று ஒன்றரை அடி ஆழத்தில், வேர் தொடங்கும் கழுத்துப் பகுதியில் மொட்டுகள் இருக்கின்றன. அதை எடுக்காமல் இந்த மரம் சாகாது. பாறைக்குள் எப்படித் தோண்டுவது? கல் குவாரியில் பரம்பரையாக வேலை செய்யும் கண்ட்வாலியா மக்களைக் கூப்பிட்டார்கள். சுத்தியலால் தட்டி, சத்தத்தை வைத்தே பாறை எங்கே இளகியிருக்கிறது என்று கண்டுபிடித்து, உளியால் கொத்தி, மரம் மரமாக எடுத்தார்கள். காலியான குழிகளில் தார் பாலைவனத்துப் பாறை நிலச் செடிகளையே தேடிக் கொண்டுவந்து வைத்தார்கள். 2011ல் ராவ் ஜோதா பாலைவனப் பாறைப் பூங்கா என்று மக்களுக்குத் திறந்துவிட்டார்கள்.

ஆனால் அது வேலி போட்ட 70 ஹெக்டேர். பன்னி 2,500 சதுர கிலோமீட்டர், அதாவது இரண்டரை லட்சம் ஹெக்டேர். உளியோடு உட்கார முடியாது.

புல் திரும்பும் முறை

பன்னியில் இப்போது புழங்கும் முறை சுருக்கமாக இது. ஜேசிபி வைத்து மரத்தை வேர்க்கழுத்தோடு பெயர்த்து எடுக்க வேண்டும். குழியை மூடி நிலத்தைச் சமன் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் உப்புத் தண்ணீர் தேங்கும். உப்பு குறைந்த இடத்தில் ஜிஞ்ச்வோ, தாமண் போன்ற புல் விதையைத் தூவலாம். உப்பு கூடிய இடத்தில் அது வராது, உமரி வகைச் செடிகள்தான் அங்கே சரி. எந்த இடத்துக்கு எந்தப் புல் என்று தெரியாமல் ஒரே விதையை எல்லா இடத்திலும் போட்டால் விதைக்காசு வீண். அதன் பிறகு ஒன்றிரண்டு மழைக்காலம் மாடு இறங்காமல் காக்க வேண்டும், புல் வேர் பிடித்து விதை விழும் வரை.

இதோடு முடியவில்லை. மண்ணைக் கிளறியதில் காண்டோ பாவள் விதைகளும் சேர்ந்து முளைக்கும். அந்தக் கன்றுகளை வருடா வருடம் பிடுங்கவேண்டும். பக்கத்து நிலத்தில் காய் தின்ற மாடு இங்கே சாணம் போட்டால் மறுபடி முதலில் இருந்து. ஆகவே பிடுங்குவது ஒரு நாள் வேலை, காப்பது பல வருட வேலை. ஒப்பந்தக்காரர் முதல் வேலையைச் செய்துவிட்டுப் போய்விடுவார். இரண்டாவதை அங்கேயே வாழ்கிற ஆள்தான் செய்யமுடியும்.

இந்த வேலையில் பல தரப்பும் இறங்கியிருக்கின்றன. வனத்துறை பாத்தி பாத்தியாக வேலியிட்டுப் புல் வளர்க்கிறது. புஜ்ஜில் உள்ள குஜராத் பாலைவனச் சூழலியல் நிறுவனம் மீட்பு சோதனைகள் செய்திருக்கிறது. ஹோட்கா ஊரில் சகஜீவன் போன்ற அமைப்புகளும் ஆய்வாளர்களும் சேர்ந்து ராம்பிள் என்ற ஆய்வு மையத்தை நடத்தினார்கள். மரத்தை முழுதாக எடுத்தால் என்ன, கிளையை மட்டும் கழித்தால் என்ன என்று மால்தாரிகளோடு சேர்ந்து வருடக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

மால்தாரிகள் 2008ல் தங்களுக்கென்று சங்கம் வைத்தார்கள். 2010ல் பன்னி எருமை இந்தியாவின் 11வது எருமை இனமாக அங்கீகாரம் பெற்றது. பால் சேகரிப்பு நிலையங்கள் வந்ததும் எருமைக்கு நல்ல விலை வந்தது. இதெல்லாம் புல்லோடு சம்பந்தப்பட்ட செய்திகள். எருமைக்கு விலை இருந்தால்தான் புல்லைக் காக்க ஆளுக்கு மனசு வரும். கரிக்கு மட்டும் விலை இருந்தால் மரத்தைக் காப்பார்கள்.

யார் காப்பது

2006ல் வந்த வன உரிமைச் சட்டத்தின் கீழ், மேய்ச்சல் நிலத்தின் மேல் ஊருக்கு ஊர் சமூக உரிமை கேட்டு பன்னியின் கிராமங்கள் மனுப் போட்டன. கோரிக்கைகளை மாவட்ட அளவில் ஏற்ற பிறகும் பட்டா கைக்கு வருவது இழுத்துக்கொண்டே போனது. இதற்கு நடுவில் சிலர் புல்வெளியை வளைத்து வேலி போட்டு உழ ஆரம்பித்தார்கள். மகாராவ் காலத்திலிருந்து கூடாது என்றிருந்த காரியம். மால்தாரிகள் சங்கம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனது. 2021ல் தீர்ப்பாயம், ஆக்கிரமிப்புகளை ஆறு மாதத்துக்குள் அகற்றவேண்டும் என்றும், அந்த நிலத்தைப் பாதுகாக்கும் உரிமை மால்தாரிகளுக்குத் தொடர்ந்து உண்டு என்றும் சொன்னது.

2023 டிசம்பரில் இன்னொரு செய்தி. பன்னியில் சிறுத்தைப்புலி அல்ல, சீட்டா இனப்பெருக்க மையம் ஒன்று அமைக்க மத்திய அரசின் ஒப்புதல். 1952ல் இந்தியாவிலிருந்து அற்றுப்போனதாக அறிவித்த விலங்கு, 2022ல் மத்தியப் பிரதேசம் குனோவுக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததே, அதே சீட்டா. சீட்டா புல்வெளி விலங்கு. அது வருவதால் புல்வெளிக்கு மரியாதை கூடும் என்றால் சந்தோஷம். ஆனால் வேலிக்குள் சீட்டாவும் வேலிக்கு வெளியே மால்தாரியும் என்று ஆகிவிட்டால், பல வருட வேலை என்று மேலே சொன்னேனே, அந்தக் கன்று பிடுங்கும் வேலையை யார் செய்வது? மனிதனும் எருமையும் மேய்ந்து பழகிய நிலம் அது. மேய்ச்சலை நிரந்தரமாக நிறுத்தினால் பழைய புல்வெளி திரும்பும் என்று நினைப்பதும், மரம் நட்டால் உப்பு நிற்கும் என்று நினைத்த மாதிரிதான் எனக்குப் படுகிறது.

நம்மூருக்கும் இதில் பாடம் உண்டு. 2017ல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்ற உத்தரவிட்டது. ஊர் ஊராக ஜேசிபி கிளம்பியது. அதே வருடம் உயர்நீதிமன்றத்தின் இன்னொரு அமர்வு, சூழலுக்கு என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும் என்று நிறுத்தி வைத்தது. 2022ல் தமிழக அரசு அந்நியத் தாவரங்களை அகற்றக் கொள்கையே கொண்டுவந்தது. நல்ல விஷயம். ஆனால் பிடுங்கின இடத்தில் அடுத்து என்ன வரவேண்டும் என்ற கேள்வி நம் பேச்சில் எவ்வளவு வருகிறது? கண்மாய்க்குள் என்றால் தண்ணீர் நிற்கும் இடம். மேய்ச்சல் புறம்போக்கு என்றால் கொழுக்கட்டைப் புல். எல்லா இடத்திலும் வேம்பும் புங்கமும் நட்டு நிழல் பார்க்க வேண்டும் என்று இல்லை. கரிமூட்டத்தை நம்பிக் கூலி வாங்கும் குடும்பங்களுக்கு அடுத்து என்ன என்பதையும் முதலிலேயே யோசித்தால் நல்லது.

அடுத்த முறை ரண் பார்க்கப் போகிறவர்கள் பிள்ளைகளுக்கு ஒரு காரியம் செய்யுங்கள். பிரண்டியாராவுக்கு அப்புறம் எங்காவது முள்மரம் விலகி, மஞ்சள் புல் தெரிகிற இடத்தில் ஐந்து நிமிடம் வண்டியை நிறுத்துங்கள். குளிர்காலச் சாயங்காலம் என்றால் புல்லுக்கு மேல் தாழ்வாகப் பறக்கும் பூனைப் பருந்து கண்ணில் படலாம். பள்ளிக்கூடத்துப் படத்தில் இயற்கை என்றால் மலையும் மரமும்தான் வரைகிறார்கள். இதுவும் இயற்கைதான் என்று காட்டிவிட்டு வாருங்கள்.